புங்கங்கன்றுக்கு ஊற்றிய தண்ணீர்

முழங்கால் வலிக்கிறது இன்ஸ்பெக்டர் சார், உட்கார்ந்தே சொல்கிறேன். மாரி கொடுத்த புகாரை வாசித்தீர்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரியாததும் கொஞ்சம் உண்டு.

தொண்ணூற்று நாலு புயலில் எங்கள் இரும்புலியூர் தெருவில் மரங்கள் எல்லாம் சாய்ந்தன. என் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரமும் போயிற்று. அதன் கீழேதான் மாரியும் அவன் மனைவி கன்னியம்மாவும் இஸ்திரி வண்டி போட்டிருந்தார்கள். கரிப்புகை என் முன்னறைக்குள் வரும். கிளையில் தூளி கட்டிப் பிள்ளையை ஆட்டுவார்கள். போகிற வருகிற கொத்தனார், சித்தாள் எல்லாம் அங்கே உட்கார்ந்து சோறு தின்பார்கள். சர்வீஸ் முழுக்கச் சேர்த்துக் கட்டிய வீடு சார். அதன் வாசலைத் தாண்ட நான் "கொஞ்சம் நகருங்க" என்று கேட்க வேண்டியிருந்தது.

புது மரம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தெருச் சங்கம் செயலாளரான என்னிடம் விட்டது. நெட்டிலிங்கம் என்றேன். நேராக வளரும். கிளை பரப்பாது. நிழல் இல்லாத இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கடைசிக் காரணத்தை மட்டும் கூட்டத்தில் சொல்லவில்லை.

மாரி கூட்டத்துக்கே வந்துவிட்டான். "சார், தெரு பூரா எத வேணா வெய்யி. நம்ம வண்டியாண்ட மட்டும் ஒரு புங்கன் வெய்யி சார். பொட்டி அனலு ஒரு பக்கம், வெயிலு ஒரு பக்கம், அவ தாங்கமாட்டா."

"நெட்டிலிங்கமும் மரம்தானப்பா," என்றேன்.

"அது போலீஸ்காரன் மாதிரி சார். வெறப்பா நிக்கும், ஒருத்தனுக்கும் ஒதவாது."

மன்னிக்க வேண்டும், அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கூட்டமே சிரித்தது. பொருளாளர் எலியேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பக்தவச்சலம், அந்த ஒண்ணு புங்கையா இருக்கட்டுமே," என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். துணி தேய்க்கிறவன் பேச்சு ஏறிற்று, என் பேச்சு இறங்கிற்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

கன்றை மாரியே நட்டான். பைப்படியில் சண்டை போட்டுப் பிடித்துவரும் குடத்தில் பாதியைக் கன்னியம்மா அதற்கு ஊற்றுவாள். நானும் ஊற்றினேன். பக்கெட்டில் கல்லுப்பைக் கரைத்து, காலையில், எல்லோரும் பார்க்கவே ஊற்றினேன்.

ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். "தோ பாரு, சாரே நம்ம செடிக்குத் தண்ணி ஊத்திகினு கீறாரு," என்று மாரியிடம் சொன்னாள். அன்று என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்தவள் காசு வாங்க மறுத்தாள். "இருக்கட்டும் சார். நீயே எங்களுக்கு நெழலு வளக்கற."

கன்று கருகியது. அந்த இடத்திலும் நெட்டிலிங்கம் வைத்தேன். இனி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். இஸ்திரிக்காரர்களுக்குத் தெருவுக்கு ஒருவர் என்று தங்களுக்குள் வரையறை உண்டாம். அடுத்த தெருவில் நிறுத்தினால் அடிதடியாகும். போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்றார்கள்.

இந்தக் கத்திரி வெயிலில், மாரி துணி கொடுக்கப் போயிருந்த மத்தியானம், கன்னியம்மா என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சார், ஒரு சொம்பு தண்ணி." நான் ஜன்னல் பக்கம்தான் இருந்தேன். ஃபிரிட்ஜில் பாட்டில் இருந்தது. ஆனால் ஒருநாள் கொடுத்தால் தினமும் வருவார்கள். மறுபடி கூப்பிட்டாள். ஜன்னலைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. மாரி வந்து அலறும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.

அவள் வெயிலில் செத்தாள். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள். உப்புத் தண்ணீர் ஊற்றியது நான், ஜன்னலைச் சாத்தியது நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் யாரிடமும் பாக்கி வைக்கிற ஆள் இல்லை சார். அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்த கூலி ஒன்றுதான் கன்னியம்மாவுக்கு நான் இன்னும் தர வேண்டிய கடன்.