நீல டிரம்

இந்தத் தண்ணீருக்கு நன்றி, ஸார். பெங்களூரில் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சம். அன்றைக்கு அவர்கள் தெருவில் தண்ணீர் விடுகிற நாளா இல்லையா என்று நமக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் கவலை இல்லை.

என் பெயர் சீனிவாசராகவன். ஓசூர் ரோட்டில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் தலைவர். ஊசி முதல் ஆசிட் வரை நான்தான் வாங்குவேன். இரண்டாயிரத்து ஐந்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பூமிக்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார். நாங்கள் ஒன்றும் செய்ததில்லை. பூமியும் எங்களை ஒன்றும் கேட்டதில்லை. எம்.டி. வெங்கடசுப்ரமணியன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏதாவது பச்சையா பண்ணுங்க ராகவன். ஆனா செலவு இல்லாம பண்ணுங்க."

எங்களுக்கு ரசாயனம் நீல பிளாஸ்டிக் டிரம்மில் வரும். காலியானதும் அத்திபெலேயிலிருந்து கான்ட்ராக்டர் டொமினிக் டெம்போ கொண்டுவந்து ஏற்றிப்போவான். கழுவி, வெட்டி, தூளாக்குவான். அதற்கு அவனுக்கு நாங்கள் காசு கொடுப்போம். நல்ல திடமான டிரம், ஒரு ஓட்டை கிடையாது. அதை வெட்டுகிறார்களே என்று எனக்குப் பொறுக்காது.

இன்னொரு பக்கம் ஈஜிபுரா. எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை குழாயில் காவேரி வரும். பிடித்து வைக்க டிரம் வேண்டும், வாங்க வழியில்லை. எங்களிடம் டிரம், அவர்களிடம் தாகம். இரண்டையும் சேர்த்து வைத்தது குற்றம் என்றால் கல்யாணத் தரகர் எல்லாரையும் உள்ளே வைக்க வேண்டும்.

கழுவுவதையும் நிறுத்தினேன். தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீர் பிடிக்கிற டிரம்மைக் கழுவ அத்தனை தண்ணீரைக் கொட்டுவது எந்த ஊர் நியாயம்? மிச்சமான தண்ணீரை ஆண்டறிக்கையில் தனிக் கட்டம் போட்டுக் காட்டினோம்.

டொமினிக் என் அறைக்கு வந்து நின்றான்.

"ஸார், கான்ட்ராக்ட் போனா போகட்டும். கழுவாம மட்டும் குடுக்காதீங்க. அந்த மருந்து பட்டா என் ஆளுங்களுக்கே கை தோலு உரியுது."

"உன் பொழப்பு போகுதுன்னு பேசறே. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ டொமினிக்."

"பொழப்பு போகுதுதான் ஸார், இல்லேன்னு சொல்லல. ஆனா அது குடிக்கிற தண்ணியாச்சே."

பிழைப்பு போகிறது என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். மீதியை நான் காதில் வாங்கவில்லை.

விழா வைத்துக் கொடுத்தோம். எங்கள் மாடியைத் துடைக்கிற வள்ளியம்மா, மகள் அனுஷாவோடு வந்தாள். டிரம்முக்குள் மூக்கை நீட்டினாள்.

"என்னமோ வாடை அடிக்குதே ஸார்?"

"வெயில்ல வைம்மா, போயிடும்."

அதற்குள் அனுஷா டிரம்மில் இறங்கி நின்று தலையை மட்டும் நீட்டிச் சிரித்தாள். போட்டோகிராபர் விடவில்லை. ஆண்டறிக்கையின் அட்டையில் இருப்பவள் அவள்தான். முன்பல் விழுந்த சிரிப்பு. நல்ல படம், ஸார்.

மழைக்கு முன்பே அந்தத் தெருவில் வாந்தி ஆரம்பித்தது. பானிபூரிக்காரனை அடித்து விரட்டினார்கள். கார்ப்பரேஷன் வந்து குழாயைத் தோண்டிப் பார்த்தது. எங்களுக்கோ அடுத்த வாரம் டிரம் திட்டத்தைப் பார்க்க விருதுக் குழு வருவதாக இருந்தது. பக்கத்துத் தெருவுக்கும் டிரம் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. நடுவில் நிறுத்தினால் அந்தத் தெருக்காரர்களுக்கு அநியாயம். கொடுத்தோம்.

அனுஷாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி கார் அனுப்பியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். துக்கத்துக்கும் போனேன். குழாயில் தண்ணீர் வராத நாள் அது. பிள்ளையைக் கடைசியாகக் குளிப்பாட்டியது அந்த டிரம் தண்ணீரில்தான். வள்ளியம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீங்க குடுத்ததால இன்னிக்குத் தண்ணியாவது இருந்துச்சு ஸார்" என்றாள். விருதுப் பத்திரத்தில்கூட அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

அதற்கப்புறம் போன பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெரு.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். தெரியாது, ஸார். டொமினிக் எதையும் நிரூபிக்கவில்லை. வாடையை வைத்து எந்தக் கம்பெனியும் முடிவெடுப்பதில்லை. நல்ல எண்ணத்தில் செய்தது. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவி பாமா உங்களிடம் ஏதோ சொன்னாளாமே. அது உண்மைதான். விழாவுக்கு முன்னால் ஒரு நாள் அவள் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் குடுக்கறேளே, நம்மாத்து மாடிக்கு ஒண்ணு கொண்டுவரப்படாதா?" ஏழைகளுக்கென்று வைத்ததை நாம் எடுத்தால் அழகில்லை என்றேன். சாயங்காலமே கடையில் புது டிரம் ஒன்று வாங்கி வந்தேன். மாடியில் உட்கார்ந்து நானே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கொட்டி, மறுபடியும் கழுவினேன்.

"புதுசுதானே, எதுக்கு இப்படித் தேய்க்கறேள்?" என்றாள் பாமா.

"குடிக்கிற தண்ணியாச்சே" என்றேன்.