புன்னக்கோணம் போகிறவர்கள் கொண்டுவர வேண்டியவை

அக்கிராசனம் வகித்து இந்த மன்றத்துக்கே ஒரு மரியாதை சேர்த்திருக்கும் ஸ்ரீமதி ரத்னாபாய் அம்மையார் அவர்களே! தெருத்தெருவாக நடந்து நாற்காலி சேகரித்துவிட்டு, இப்போது தமக்கு உட்கார நாற்காலி இல்லாமல் நிற்கும் காரியதரிசி ராஜபாய் அவர்களே! முன்வரிசை ஜமக்காளத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்த தாய்மார்களே! தூங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வந்த தாய்மார்களே! வாசலோரமாக நின்று, சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்ற பாவனையில் காதைத் தீட்டி வைத்திருக்கும் ஆண்மக்களே! கரமனை மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவில் உங்கள் எல்லோருக்கும் இந்த விஜயம் டீச்சரின் அன்பு நிறைந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, புன்னக்கோணம் போய்வரும் வழி. காரியதரிசி என்னைத் தனியே அழைத்து, "டீச்சர், வர்ணனை எல்லாம் வேண்டாம். எந்த பஸ், எங்கே இறங்கணும், என்ன கொண்டுபோகணும், அது மட்டும் சொன்னா மதி, போதும்" என்றார். வர்ணனை இல்லாமல் பேசு என்று என்னிடம் சொல்வதும், உப்பில்லாமல் சமை என்று சொல்வதும் ஒன்றுதான். ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

கொண்டுவர வேண்டிய சாமான்கள் நான்கு. மூன்றை வழியில் சொல்வேன். நான்காவதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்கள்!

முதலில் பஸ். மகர மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, விடிந்ததும் பழவங்காடிக்கு வந்துவிட வேண்டும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள். ஏன்? பக்தி ஒரு காரணம். பஸ் இன்னொரு காரணம். யுத்தம் வந்தது, பெட்ரோல் போயிற்று. இப்போது நம்முடைய பஸ் கரியைத் தின்கிறது, புகையைக் கக்குகிறது, ஏற்றம் கண்டால் ஏங்குகிறது, இறக்கம் கண்டால் பாய்கிறது! நேமம் தாண்டும்வரை நல்ல பிள்ளையாகப் போகும். பாலராமபுரத்தில் மூச்சு வாங்கும். நெய்யாற்றின்கரை தாண்டிக் கிழக்கே திரும்பியதும் ஒரு மேடு வருகிறதே, அங்கே நின்றுவிடும். கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொல்வான். ஆண்கள் தள்ள வேண்டும். வாசலில் நிற்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

என்ன அங்கே சிரிப்பு? வழியில் காப்பி கிடைக்குமா என்றா கேட்கிறீர்கள்? கிடைக்காது, அம்மா! இதோ முதல் சாமான். காப்பி வேண்டியவர்கள் கூஜாவில் கொண்டுவர வேண்டும். அந்த ஊரில் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். இரண்டாவது வாயில் பிடித்துவிடும்.

இரண்டாவது சாமான், ஒரு மாற்றுப் புடவை. வழியில் ஓடை இருக்கிறது, பனந்தடிப் பாலம் இருக்கிறது, பாலம் வழுக்கும். போன வருஷம் விழாமல் கடந்தவர்களில் நான் இல்லை. மூன்றாவது சாமான், பொறுமை. இன்னும் எவ்வளவு தூரம் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கவே கூடாது. "தா, இங்கனதான்" என்பார்கள். நடந்து நடந்து கால் ஓய்ந்து மறுபடி கேட்டால், "இப்பம் வந்துரும்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலுக்கு அது இங்கனதான்!

இந்த வழிக்கு முதன்முதலில் நான் போனது பஸ்ஸில் இல்லை, வில்வண்டியில். எங்கள் புக்ககத்துக்குக் குலதெய்வம் புன்னக்கோணத்துச் சாஸ்தா. கல்யாணமான புதிது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருட்டோடு கரமனைப் பாலம் தாண்டுவோம். மாட்டின் கழுத்துமணி, வண்டிக்குள் புளியோதரை வாசனை, மேலே மூடுபனி, கீழே வைக்கோல் மெத்தை! பாப்பனங்கோடு வரும்போது ஒருத்தி பாட ஆரம்பிப்பாள். பாலராமபுரத்தில் தறிச்சத்தம் கேட்கும்போது நாங்கள் எல்லோரும் பாடிக்கொண்டிருப்போம். அந்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சாஸ்தா மன்னிக்க வேண்டும், அவருடைய சந்நிதியைவிட அந்த வண்டிப் பயணம்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

அந்த வண்டிக்கு ராணி யார் தெரியுமா? என் கணவரின் தமையனார் மனைவி. இதோ முன்வரிசையில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்களே, எங்கள் நாகலக்ஷ்மி மன்னி! மன்னியின் மடி ஆசாரம் இந்தத் தெருவுக்கே தெரியும். அவர் குளித்துவிட்டு வரும்போது காக்கை கூட எதிரே பறக்கப் பயப்படும். சிரிக்காதீர்கள், மன்னியே சிரிக்கிறார் பாருங்கள்.

ஆனால் அந்த வருஷம் மன்னி சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் மன்னியின் ஒரே பெண் பகவதி, கல்லிடைக்குறிச்சியில் புக்ககத்தில், ஏழாம் மாசத்தில், வயிற்றுப்பிள்ளையோடு போய்விட்டாள். வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தார்கள். வாங்கி வைத்த வளையல் அலமாரியில் இருந்தது. அதன்பிறகு மன்னிக்குப் பேச்சு குறைந்தது, மடி கூடியது. வாய்விட்டு அழுது நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

புன்னக்கோணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கும் இடத்துக்குக் கல்முக்கு என்று பேர். ஏன் அந்தப் பேர்? அங்கே ஒரு சுமைதாங்கி நிற்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்து, ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சாய்த்து இறக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் பட்டணத்து அக்கிரகாரத்துக்காரர்கள். எங்கள் தலையில் பூவைத் தவிர எதுவும் ஏறியதில்லை. எங்களுக்கு என்ன தெரியும்? ஓடையில் குளித்துக் கரையேறிய மன்னியின் கண்ணுக்கு அது என்னவாகப் பட்டது? மண் படாத உயரம், நல்ல வெயில், கழுவிவிட்டது போலச் சுத்தமான கல். ஆகா, மடிப்புடவை உலர்த்த இதைவிட இடம் உண்டா என்று ஒன்பது கெஜத்தையும் அதன்மேல் விரித்தார். நாங்கள் எல்லோரும் மறுபடி ஓடைக்குப் போய்விட்டோம். பாத்திரம் தேய்க்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தால், கல்லை விட்டு எட்ட மூன்று பெண்கள் நிற்கிறார்கள். மூன்று பேர் தலையிலும் ஓலைக் கடகம், கடகம் நிறைய மரச்சீனிக் கிழங்கு. சந்தைக்குப் போகிறவர்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வேர்வை கண்ணில் வழிகிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் கடகத்தில். ஒருவர் சுமையை ஒருவர் இறக்கவும் முடியாது, மூன்று பேர் தலையிலும் சுமை. புடவையை ஒரு இழு இழுத்துக் கீழே போட்டிருக்கலாமே? போடவில்லை. "புடவையை எடுங்கள்" என்று குரல் கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்!

மன்னி கேட்டார்: "ஏன் இங்கே நின்னுண்டிருக்கேள்?"

நடுவில் நின்றவள் சொன்னாள்: "சேல ஒணங்கட்டு அம்மா. தொட்டா உங்களுக்குச் சுத்தம் போயிரும்லா. நாங்க நிக்கோம்."

அவள் பெயர் தாசம்மாள். நிறைமாசக் கர்ப்பிணி. மன்னி அவள் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். இடுப்பிலிருந்த பித்தளைக் குடம் நழுவிப் பாறையில் விழுந்து உருண்டது. அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. மடிப்புடவையைச் சுருட்டி மண்ணில் எறிந்தார். ஓடிப்போய்த் தம்முடைய இரண்டு கையாலும் தாசம்மாளின் தலையிலிருந்த கடகத்தைத் தாங்கினார். "விடுடி, நான் பிடிச்சுண்டிருக்கேன், விடு" என்றார். மற்ற இருவர் சுமையையும் நாங்கள் சேர்ந்து இறக்கினோம். தாசம்மாள் அந்தக் கல்லடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "இது அம்மிணிக்க கல்லு அம்மா. எங்க தெருக்காரி. பிள்ளையோட போயிட்டா. வயித்துச் சுமய எறக்காமப் போனவளுக்கு இப்பிடி ஒரு கல்லு நாட்டணும். வழிபோற சனம் அதுல சுமய எறக்கி எறக்கி, அவளுக்க சுமயும் எறங்கும்."

சகோதரிகளே, அந்த இடத்தில் மன்னி அழுதார். ஒரு வருஷமாக அடக்கி வைத்ததை எல்லாம் நடுரோட்டில், ஈரத்தலையோடு, தாசம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் பகவதிக்கு ஒருத்தரும் ஒரு கல் வெக்கலையேடி" என்றார். வண்டியில் வந்த ஒரு மாமி, "நாகலக்ஷ்மி, மறுபடியும் குளிச்சுட்டு வா, கோவிலுக்கு நாழியாறது" என்றாள். மன்னி என்ன பதில் சொன்னார் தெரியுமா? "குளிக்கிறதுக்கு இப்போ என்ன ஆயிடுத்து?" என்றார். அதே கோலத்தில்தான் அன்று சாஸ்தாவைக் கும்பிட்டார்.

அன்றுமுதல் ஒவ்வொரு வருஷமும் அந்த வழியில் போகும்போது மன்னி வண்டியை நிறுத்தச் சொல்வார். கல்லைக் கழுவி மஞ்சள் வைப்பார். தாசம்மாள் அந்த நாளை ஓர்மை வைத்து வந்து நிற்பாள். வண்டி போய் பஸ் வந்தது. கருத்த தலைகள் நரைத்தன. அந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது கேளுங்கள். போன ஆவணியில் மரம் ஏற்றிவந்த ஏதோ ஒரு லாரி மோதி அந்தக் கல் இரண்டாக உடைந்துவிட்டது. ஊரார் புதுக்கல் கொத்தி வைத்திருக்கிறார்கள். மகர மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நடப்போகிறார்கள். நட்டால் போதுமா? போதாது! அவர்கள் ஊர் வழக்கம், செத்தவளின் தாயோ கூடப்பிறந்தவளோ முதல் சுமையைத் தன் தலையில் சுமந்து கொண்டுவந்து அந்தக் கல்லில் இறக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் சுமை வைக்க மாட்டார்கள். அம்மிணிக்கோ இப்போது வீட்டார் என்று ஒருவரும் இல்லை. என்ன செய்வது? ஊர் கூடி யோசித்தது. தாசம்மாள் சொன்னாளாம்: "கல்லு ரெண்டு பேருக்குமா இருக்கட்டு. கரமன அம்மா வந்து சுமக்கட்டு."

இந்தச் செய்தியைக் கரமனைக்குக் கொண்டுவந்தவன் அந்த பஸ்ஸின் கண்டக்டர் யோசுவா. நீங்களும் அவனிடமே சொல்லுங்கள், சரியான இடத்தில் இறக்கிவிடுவான். அவன் யார் தெரியுமா? அன்று தாசம்மாள் வயிற்றில் இருந்தானே, அவன்தான்!

மன்னி அன்றே சரி என்று சொல்லிவிட்டார். என்ன சுமப்பீர்கள் மன்னி என்று கேட்டேன். "கட்டுச்சாதம்" என்றார். பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவரப் போகும்போது தாய் கொண்டுபோகிற சாதம். பகவதிக்குக் கொண்டுபோக முடியாமல் போன சாதம். புளியோதரையும் எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமுமாக, அன்றைக்கு அங்கே வருகிற அத்தனை பேருக்கும் அதுதான் சாப்பாடு. சாப்பாடு உண்டோ என்று அப்போதிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மூலைக்கு இது பதில்.

ஆனால் நம் தெரு என்ன பேசுகிறது? எனக்குக் காது இல்லையா? "வெங்கடசுப்ரமணியன் ஆத்து மாமி இந்த வயசிலே தலையிலே கூடையைத் தூக்கிண்டு ரோட்டிலே நடக்கப்போறாளாம்!" என்று மன்னியைப் பற்றிக் குழாயடியில் ஒரு சிரிப்பு. கோவில் வாசலில் ஒரு சிரிப்பு. மன்னியின் மகன் சேஷன் செக்ரடேரியட்டில் உத்தியோகம் பார்க்கிறவன். நல்ல பிள்ளை, தாயிடம் உயிரையே வைத்திருப்பவன். அவன் என்ன சொல்லிவிட்டான்? "சித்தி, தெருவே கூடப் போறதுன்னா அம்மா போகட்டும். தனியா ஒருத்தியாப் போய் நாலுபேர் சிரிக்கிறதுக்கு என் அம்மாவை அனுப்ப மாட்டேன்." அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இதோ, வாசலில் மூன்றாவதாக நிற்கிறான். தலையைக் குனியாதே சேஷா, நிமிர்ந்து கேள்.

ஆகவே தாய்மார்களே, பயணக்குறிப்பு முடிந்து என் விண்ணப்பம் தொடங்குகிறது. மன்னி போகவில்லை என்றால் என்ன ஆகும்? புதுக்கல் நிற்கும், சுமை இறங்காது. சந்தைக்குப் போகிற பெண்கள் அதன் எதிரே மறுபடியும் நிற்பார்கள். ஒருநாள் நம்முடைய புடவைக்காக நின்றார்கள். இன்னொருநாள் நம்முடைய சிரிப்புக்காக நிற்க வேண்டுமா? வேர்வையோடு நிற்க வேண்டுமா? கழுத்து நோக நிற்க வேண்டுமா? வயிற்றில் பிள்ளையோடு நிற்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் இங்கே வைத்துவிட்டுத்தான் இறங்குவேன்.

கல்முக்குக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். அங்கிருந்து நடை. அத்தனை சாதத்தையும் மன்னி ஒருவர் சுமக்க முடியுமா? ஆளுக்கு ஒரு சிறு கூடையாகப் பிரித்துக் கட்டப்போகிறேன். முன்னால் மன்னி, பின்னால் நாம் எல்லோரும். சிரிக்கிறவர்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள், பார்த்துவிடலாம்.

நான்காவது சாமானைச் சொல்லிவிடுகிறேன். அது கடையில் கிடைக்காது, வீட்டிலேயே இருக்கிறது. ஒரு பழந்துணி. அதை இப்படி நீளமாக முறுக்கி, இப்படி வளையமாகச் சுற்றி, தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். சும்மாடு என்று அதற்குப் பேர். இதை எனக்குச் செய்யக் கற்றுத்தந்தவள் தாசம்மாள்தான். இதோ, என் தலையில் வைத்துவிட்டேன். கரமனை ஸ்கூல் டீச்சர் மேடையில் சும்மாட்டோடு நிற்கிறாள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

யார் யார் வருகிறீர்கள்? கை தூக்க வேண்டாம். கையில் இருக்கும் துணியைச் சுற்றுங்கள், போதும்.

அக்கிராசனாதிபதி அம்மையார் தம்முடைய சால்வையைச் சுற்றுகிறார். பட்டுச் சால்வை அம்மா, வழுக்கும்! சரி, சரி, நடக்கட்டும். காரியதரிசி சுற்றிவிட்டார். அதோ, குழந்தையின் துண்டை ஒருத்தி சுற்றுகிறாள். குழாயடியில் சிரித்த மாமியும் சுற்றுகிறாரே, அவருக்கு என் தனி வணக்கம். சேஷா, நீ ஏன் மேல்துண்டை எடுக்கிறாய்? இது பெண்களுடைய சுமை அப்பா. வேண்டாம் என்று சொல்லவில்லை, சுற்று.

மன்னி, இங்கிருந்து பேசுகிறேன், உங்கள் காதுக்கு எட்டுகிறதா? திரும்பிப் பாருங்கள். தெரு முழுக்க வருகிறது.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தூங்கிவிட்ட குழந்தைகளுக்கும், வெள்ளிக்கிழமை பஸ்ஸைத் தள்ளப்போகும் ஆண்மக்களுக்கும் நன்றி. தலையில் சும்மாடு இருப்பதால் குனிய முடியவில்லை. நிமிர்ந்து நின்றே உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.