சாப்பிட்டாச்சு மச்சான்

அவித்த முட்டை என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. அதில்தான் எல்லாம் தொடங்கியது, ஐயா.

மச்சான் என் அக்காள் புருஷன். பஸ் டிரைவராக இருந்தவர். நான் பூட்டு ரிப்பேர் செய்தவன். அக்காள் போன பிறகு இரண்டு கிழமும் அவள் மகள் வீட்டில் ஒட்டிக்கொண்டோம். அவள் காலையில் இரண்டு தட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

"அப்பாவைப் பாத்துக்குங்க மாமா."

பார்த்துக்கொண்டேன். அவர் தட்டில் முட்டை இருந்தது. என் தட்டில் இல்லை. டாக்டர் எழுதினாராம்.

முதலில் அவருக்கு வார்த்தைகள் போயின. சாவியை 'அந்தத் திறக்கிறது' என்பார். பூட்டுக்காரனுக்குச் சிரிப்பு வராதா? அப்புறம் கேட்டதையே கேட்டார். சட்டைமேல் சட்டை போட்டார். ஆள் நடிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். சோதிக்கத்தான் முட்டையைத் தின்றேன்.

"மாப்ளே, முட்டை எங்க?"

"நீங்கதான் முழுங்குனீங்க. வாயைத் தொடைங்க மச்சான்."

துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை.

ஊரெல்லாம் பஸ் ஓட்டியவர் தெருமுனை டீக்கடைக்கு வழி தெரியாமல் நின்ற சமயத்தில், நான் முட்டையைத் தாண்டி அவர் பாலுக்கும் வந்திருந்தேன். மகளின் பெயர் மறந்தபோது முழுத் தட்டுக்கும். "பசிக்குதே" என்பார். "சாப்பிட்டாச்சு மச்சான்" என்பேன். "அப்படியா, சரி" என்பார். நல்ல மனுஷன். போகப் போகக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

ராத்திரி மகள் ஊட்டினால் இரண்டு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டினோம். அவள் அழுதாள். இந்த நோயில் இளைப்பது உண்டு என்றார் டாக்டர். டாக்டர்களை நான் நம்புகிறவன் இல்லை. அவரை நம்பினேன்.

கடைசி நாள் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"விருந்தாளி."

"சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க."

தன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க. நான் இப்பத்தான் சாப்ட்டேன்."

சாப்பிட்டேன். சாயங்காலம் மகள் வந்தபோது நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார்.

பிரேதப் பரிசோதனையைப் பார்த்து நீங்கள் பட்டினிச் சாவு என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். சாப்பிட்டேன் என்று அவர் தன் வாயால் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. மச்சான் பொய் பேசமாட்டார்.