பாலத்துக்கு முன்பே அப்பா திரும்பிய காரணம்

பெயர் கலையரசி, வயது 33, கணவர் பெயர் பாரதி, தகப்பனார் பெயர் ராசு (காலமாகிவிட்டார்), தொழில் அங்கன்வாடி உதவியாளர், விலாசம் கரியாலூர், கல்வராயன்மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம். தற்போது இருப்பது மணலூர்பேட்டை, தாயார் ஜெயம்மாள் வீடு. 22.08.2024 வியாழக்கிழமை காலை 11 மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையம் வந்து, உதவி ஆய்வாளர் முன்பு சொல்லி எழுதப்படுவது.

எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடமாகிறது. குழந்தை இல்லை. கணவர் கரியாலூரில் ஜீப் ஓட்டுகிறார். என் தகப்பனார் மணலூர்பேட்டையில் குத்தகை நிலத்தில் கரும்பு பயிர் செய்து வந்தார். சென்ற வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, அதன் பிறகு தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புவார். பாலத்தைத் தொடாமல் ஒரு நாளும் திரும்பியதில்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கரியாலூரில் எங்கள் வீட்டருகே சிக்னல் கிடைக்காது. அப்பாவுக்குப் படிக்கவும் தெரியாது. ஆகவே நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன். அவர் அதை அழுத்திவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தபடியே கேட்பார். சத்தம் ரோட்டுக்கே கேட்கும். கடந்த பங்குனி மாதம், கணவர் என்னை அடித்ததைச் சொல்லி நான் அனுப்பியது டீக்கடை முன்பு சத்தமாகக் கேட்டு, அங்கே நின்றிருந்த கணவரின் உறவினர் மூலம் கணவருக்குத் தெரிந்து, அதற்காக எனக்கு மறுபடியும் அடி விழுந்தது. நான் அப்பாவை, "உனக்கு அறிவு கீதா?" என்று கேட்டுவிட்டேன்.

அதன் பிறகு நான் கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் அருகே கடையில் கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் ஹெட்செட் ஒன்று வாங்கிக் கொடுத்து, இரண்டு காதிலும் வைக்கவும் சத்தத்தைக் கூட்டவும் நானே பழக்கினேன். மறுநாள் அவர் பேசி அனுப்பியது: "இப்ப நீ பேசறது எனக்கு மட்டும்தான் கேக்குதும்மா. பக்கத்துலயே நடந்துகினு பேசற மாதிரி கீது."

14.08.2024 புதன்கிழமை விடியற்காலை, கணவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு பைகளுடன் வீட்டை விட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் நின்று 5.41 மணிக்கு அப்பாவுக்கு ஒரு செய்தி பேசி அனுப்பினேன். அதன் நீளம் நான்கு நிமிடம். முதலில் மழை பற்றியும், அங்கன்வாடிப் பிள்ளைகள் பற்றியும், மாத்திரை போட்டாரா என்றும் பேசிக்கொண்டே போனேன். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி ஆன பிறகுதான், "அப்பா, இனிமே என்னால முடியாதுப்பா. முதல் பஸ்ஸுக்கு நின்னுகினு இருக்கறேன். வூட்டுக்கே வந்துடறேன்" என்று சொன்னேன். அதன் பிறகு பஸ் வந்துவிட்டது. மலை இறங்கும் வரை சிக்னல் இல்லை. கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது என் அண்ணன் செழியனிடமிருந்து ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன.

அப்பாவைப் பால் வேன் அடித்துவிட்டதாகவும், 108 வருவதற்குள் உயிர் போய்விட்டதாகவும் அண்ணன் சொன்னார். வேனை ஓட்டியவர் ஜெயப்பிரகாஷ், வயது 24. அவர் ஜாமீனில் வந்து, 19ஆம் தேதி அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரை வாசலைத் தாண்ட விடவில்லை. அவர் வெளியில் நின்றபடியே என்னிடம், "ஹாரன் அடிச்சேன்கா. ஓரமாத்தான் போய்க்கினு இருந்தாரு. சட்டுனு திரும்பி ரோட்டைத் தாண்டிட்டாரு" என்றார். அதற்கு அண்ணன், "பாலம் போவாம எங்கப்பா திரும்பவே மாட்டாரு. பொய் சொல்றான் இவன்" என்றார். அந்த இடத்திலிருந்து பாலத்துக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கிறது.

அதன் பிறகு நான் தனியாகப் போய் என் போனைப் பார்த்தேன். அப்பா என் செய்தியைக் கேட்கத் தொடங்கிய நேரம் 6.07 என்று இருந்தது. ஜெயப்பிரகாஷ் 108க்கு அழைத்த நேரம் 6.10 என்று வழக்குக் காகிதத்தில் இருக்கிறது.

அண்ணன் கொடுத்த புகாரில் ஹெட்செட் பற்றி ஒன்றும் இல்லை. 20ஆம் தேதி இறப்புச் சான்றுக்கான காகிதங்களைத் தேடியபோது, அண்ணனின் பைக் பெட்டியில் ஹெட்செட் இருந்தது. ஒரு பக்கம் உடைந்திருந்தது. கேட்டதற்கு, போலீஸ் வருவதற்குள் அப்பா கழுத்திலிருந்து தானே கழற்றியதாகச் சொன்னார். "செத்தவரு மேலயே தப்புன்னு எழுதிடுவாங்க. நீ வாயத் தொறக்காத" என்றார். அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிணத்தைத் தூக்கும்போதும் அப்பாவின் செருப்பைக் கையில் வைத்திருந்தவர் அவர். நான் இங்கே வந்தது அவருக்குத் தெரியாது.

ஜெயப்பிரகாஷ் பொய் சொல்லவில்லை. அப்பா பாலத்துக்கு முன்பே திரும்பியிருப்பார். அவருக்கு ஹாரன் கேட்டிருக்காது. அவர் காதில் இருந்தது என் குரல். ஹெட்செட்டையும் என் போனையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

செய்தியைக் கேட்டு அவர் எதற்காகத் திரும்பியிருப்பார் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். புதன்கிழமை அம்மா காலையிலேயே கூலி வேலைக்குப் போய்விடுவார். அதற்குள் வீட்டுக்குப் போய், எனக்கும் சேர்த்துச் சோறு ஆக்கச் சொல்ல நினைத்திருப்பார் என்றேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் அன்று மலையிலிருந்து வந்தது, சாவுச் செய்தி கேட்டுத்தான் என்று அம்மா இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லப் போகிறேன்.

எழுதியதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ரா. கலையரசி