கண்ணில் விழுந்த இரும்பு

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டுப் பெண் தன் கணவனிடம் கேட்டாள்:

"ஸ்கேன் எடுக்கற டாக்டரம்மாகிட்ட ஒன் கண்ணுல இரும்பு இருந்ததச் சொன்னியா?"

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அது பட்டறையில கிரைண்டிங் பண்ணும்போது எப்பவோ விழுந்துச்சி. மேஸ்திரி அப்பவே காந்தத்த வெச்சி எடுத்துட்டாரு."

"முழுசா எடுத்துட்டாருன்னு யாரு பாத்தா?"

"கம்னு இரு. சொன்னா ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு நீ வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. பாப்பாவுக்கு ஏன் வலிப்பு வருதுன்னு கண்டுபுடிக்க, பெத்தவன் மூளையயும் ஸ்கேன் பண்ணணும்னு கேட்டாங்க இல்ல?"

"அது சாதா ஸ்கேன் இல்லியாம், காந்தம் ரொம்ப ஜாஸ்தியாம். ஒடம்புல எங்கனா இரும்பு இருக்குதான்னு அந்த டாக்டரம்மா போன்ல திருப்பித் திருப்பி கேட்டுச்சி. நீ இல்ல இல்லன்னே."

"இருந்தாலும் தூசி அளவுதான் இருக்கும்."

"மேஸ்திரி காந்தம் எடுக்காம உட்டத அந்தக் காந்தம் புடிச்சி இழுத்தா இன்னா பண்ணுவ?"

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அவன் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான்:

"பாப்பாவுக்கு என் மூளை வேணும்."

"பாப்பாவப் பாக்க ஒனக்குக் கண்ணு வேணாமா?"

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வரல."