ஜால்ரா சத்தமும் காது வலியும்

பட்டாபிராமில் ரயில் ஏறி, முருகா என்று உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாமி பாட்டு கேட்டா காது வலிக்குதுக்கா. இன்னா பாவம் செஞ்சேனோ! இப்பல்லாம் வெளக்கு மட்டும் ஏத்தறேன், பாட்டே போடறதில்ல."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. மூத்தவள் முறுக்கைக் கடித்தபடி கேட்டாள். "எதுல போடுவ?"

"புது சவுண்ட்பார் ஸ்பீக்கர்ல. பாட்டு சாமிகிட்டேருந்து வரணும்னு பூஜை அலமாரிக்குள்ள வெச்சிகீறோம். டிவி சத்தமும் அதுலதான்."

"சீரியல் பாத்தா வலிக்குதா?"

இளையவள் யோசித்தாள். "ஆமாக்கா. அப்பவும் காது கூசுது."

"அப்ப சீரியலும் சாமி குத்தமா? போடீ! ட்ரெபிள், அதான் அந்தக் கீச்சு சத்தம், எவ்ளோ வெச்சிகீற?"

"ஃபுல்லு. ஜால்ரா கணீர்னு கேக்கணும்னு எங்கூட்டுக்காரர் வெச்சாரு."

"அதான் ஊசியாட்டம் குத்துது. எங்கூட்லயும் இதே கததான். ட்ரெபிளைப் பாதியாக் கொற, சத்தத்தையும் கொற. அலமாரிக்குள்ள வெச்சா சத்தம் சாமி படக் கண்ணாடில பட்டு எரையும், வெளிய எடுத்து டிவிக்குக் கீழ வை. அப்பவும் வலிச்சா காது டாக்டராண்ட போ."

"ஜால்ரா கொறஞ்சா சாமி கோச்சுக்க மாட்டாரு?"

"அவரு காது நல்லாத்தான்டீ கீது. நீ உன் காதைப் பாரு."

இளையவள் சிரித்துவிட்டாள். அம்பத்தூர் வருவதற்குள் போனை எடுத்தாள். "இன்னாங்க, அந்த சவுண்ட்பாரை டிவி கீழ எடுத்து வைங்க. நாளைக்குக் காத்தால பாட்டு போடணும்."