முன்சீட்டுப் பேச்சு

இல்ல சார், பையத் தூக்காதீக. அப்பா உள்ளதான் இருக்காரு. முழிச்சுத்தான் இருக்காரு, வெளிய வரத்தான் யோசிக்கிறாரு. மாஸ்க்க மூஞ்சியில மாட்டி அளவு பாக்காம மூச்சு மெஷின வச்சுட்டு வரக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிருக்காக, சரி. அதுக்காக மதுரையிலருந்து இந்தப் புதுப்பட்டி வரைக்கும் பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தத அப்படியே திருப்பித் தூக்கிட்டுப் போறதா? இத விட்டா அடுத்தது எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாது. காபியக் குடிங்க. ஆறிப்போச்சுன்னா வேற போடுறேன். அஜய்குமாருன்னு சட்டையில எழுதிருக்கு, உங்க பேருதான? நான் மாரீஸ்வரி. ப்ளஸ் டூ.

என் கொரலு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும் இருக்கும். போன மாசம் உங்க ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சுல்ல. டாக்டர் ஜெபஷீலா ஸ்பீக்கிங், என் பேஷண்ட்டு சுரேஷ்கண்ணன் மெஷின் என்னாச்சு, ஒரு மனுசன் மூச்சு விடுறதுக்கு நீங்க அப்ரூவல் குடுக்கணுமாப்பா? ஆ, முழிக்கிறீக பாத்தீகளா! நான்தான் சார் அது. கோவிச்சுக்கிராதீக. அந்தம்மா கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டுத்தான் திட்டுவாக. நானும் ஒரு கண்ணாடிய மாட்டுனாத்தான் அந்தக் கொரலு வரும். நானா நான் பேசுனப்பெல்லாம் லைன்ல பாட்டுப் போட்டாக. டாக்டரு பேசுனாக, நீங்க வந்து நிக்கிறீக.

அப்பா கொறட்டையா? அத இந்தத் தெருவுல சின்னப்பிள்ளைக கூடப் பண்ணிக் காட்டும். லோடு வண்டி மேடு ஏறுற மாதிரி உறுமிக்கிட்டே போகும், திடீர்னு ஆஃப். ஒண்ணுமே இருக்காது. நம்ம நெஞ்சு அடிக்கிறது நமக்கே கேக்கும். பெறகு கெணத்துல முங்குனவன் தலையத் தூக்குன மாதிரி ஒரு இழுப்பு. கொறட்டைய நான் அச்சு அசலா பண்ணுவேன் சார். நடுவுல வருதுல்ல, ஒண்ணுமில்லாதது, அத மட்டும் பண்றதில்ல.

தேனியில ஒடம்பெல்லாம் ஒயர ஒட்டிப் படுக்கப்போட்டுப் பாத்தாக. தூக்கத்துல மூச்சு நிக்கிற வியாதி, மெஷினு காத்தத் தள்ளிக்கிட்டே இருந்தா நிக்காதுன்னாக. வாங்கிட்டோம். அந்தக் குழாய மூஞ்சியில மாட்டிக்கிட்டுப் படுத்தா அசல் பிள்ளையாரு. ஆனா எந்திரிக்கயில வேற மனுசன். அதுக்கு முன்னாடி டீ கிளாசக் கையில பிடிச்சுக்கிட்டே சொக்கிப்போற ஆளு, பல்லு வெளக்கும்போதே பாட்டுப் பாட ஆரம்பிச்சாரு. கேக்க முடியாது, அது வேற கத.

அப்பறந்தான் உங்க ஆபீஸ் பொண்ணு போன் பண்ணுச்சு. இத மூக்கால பேசணும். சார் உங்க மெஷின் ரீகால்ல வந்திருக்கு சார், கோளாறுன்னு கம்பெனியே சொல்லிருச்சு சார், உள்ள இருக்க ஸ்பாஞ்சு பொடிப்பொடியா உதிந்து மூச்சோட போக சான்ஸ் இருக்கு சார், டாக்டரக் கேட்டு நிப்பாட்டிருங்க சார், மாத்து மெஷின் அனுப்புவோம் சார். எப்பம்மா வரும்? அப்டேட் பண்றோம் சார்.

அப்பா டாக்டரயெல்லாம் கேக்கல, அன்னைக்கே பிளக்கப் பிடுங்கிட்டாரு. பிடுங்கிட்டு ஒரு காரியம் பண்ணாரு பாருங்க. கம்பத்துல சின்னச்சாமி அண்ணன்னு ஒருத்தரு, திராட்சைக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரு ரிப்பேரு பாக்குறவரு, அவருகிட்டப் போயிட்டாரு. அவரு வெத்தலய ஒதுக்கிக்கிட்டு, ஏப்பா சுரேசு, இது நம்ம ஸ்ப்ரேயருக்குத் தம்பிதாம்ப்பா, அதுவும் காத்து, இதுவும் காத்துன்னு பழைய ஸ்பாஞ்சப் பிச்சுப் போட்டுட்டு, அப்பா ஓட்டுற ஜீப்போட சீட்டு ஸ்பாஞ்ச வெட்டி உள்ள திணிச்சுட்டாரு. ஆன் பண்ணா ஏலக்கா வாசமும் டீசல் வாசமும் கலந்து அடிக்குது! ஜெபஷீலா டாக்டரு அதத் தூக்கிப் போடச் சொல்லித் திட்டுன திட்டு இருக்கே... வேணாம், அத இப்பப் பண்ணா அப்பா உள்ள வருத்தப்படுவாரு.

வேற மெஷின் தேடாத எடமில்ல சார். மதுரையில வாடகைக்குக் கேட்டா எங்களுக்கு முன்னாடியே பெரிய கூட்டம். கட்டப்பனையில ஒரு கடைக்காரரு, ஸ்டாக்கில்லா மோளே, அடுத்த ஆழ்ச்ச நோக்காம்னாரு. அவருக்கு அந்த அடுத்த வாரம் வரவேயில்ல.

அப்பா வேலயா? ஏலத்தோட்டத்து ஜீப்பு. விடியக் கருக்கல்ல பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டுக் கம்பம்மெட்டு மலை ஏறி, அங்கிட்டுக் கேரளாவுல தோட்டத்துல எறக்கிவிடணும். டாக்டரு ஓட்டக்கூடாதுன்னுதான் சொன்னாக. வண்டி ஓடலைன்னா எங்க வீட்லயும் அடுப்பு எரியாது, அதுல வர்றவுக வீட்லயும் எரியாது.

எங்க ஜீப்புல ஒரு வழக்கம் இருக்கு சார். பின்னாடி இருக்கவுக ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு தூங்கலாம். முன்சீட்ல இருக்கவ தூங்கக்கூடாது. டிரைவருகிட்டப் பேசிக்கிட்டே வரணும். முன்னாடியெல்லாம் மொறை வச்சு ஏறுவாக. மெஷினு போன பெறகு ஒருத்தி பேச்சும் அப்பாவுக்குப் பத்தல. மாமியா கதையக் கேட்டாத் தூங்காத ஆளுக்கே தூக்கம் வரும்ல. அதனால நான் ஏறிட்டேன். மேல போயி ஆளுகள எறக்கிட்டு, அப்பாவோடயே கீழ எறங்கி, ஸ்கூலுக்குப் போயிருவேன்.

என்ன பேசுவேனா? எல்லாரும் பேசுவாக சார், என் வாயில! தோட்டத்துல வேல வாங்குற கங்காணி வருவாரு, ஏலே எவடி அவ பச்சக்காயப் பிச்சதுன்னு. செக்போஸ்ட்டு போலீசு வருவாரு, எந்தா சேட்டா வண்டியில் எத்தற ஆளுன்னு. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அசெம்பிளியில தும்முறது. பவுனு அத்த பின்னாடி தூங்கிக்கிட்டு வரயில அத்த கொரல்லயே அத்த புருசன வைவேன், அத்த பதறி முழிச்சு, ஆத்தாடி நானா பேசுனேன்னு கேக்கும். வண்டியே குலுங்கும். சிரிக்கிற ஆளுக்குத் தூக்கம் வராதுல்ல சார். நான் எச்சி முழுங்குற நேரம் பேச்ச விட்டாப் போதும், அப்பா தல லேசா முன்னால சாயும். ஒடனே கங்காணி வந்துருவாரு.

மணியப் பாக்காதீக சார். கட்டிலு சத்தம் கேக்குதுல்ல? நாம பேசுறதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.

மாஸ்க்கு வாரு எப்படி இழுக்கணும்னு வீட்ல ஒருத்தருக்குச் சொல்லிக்குடுக்கணுமா? எனக்கே சொல்லிக்குடுங்க. இல்ல சார், அம்மா வராது.

எனக்கு அன்னைக்குப் பிசிக்ஸ் பரிச்ச. மேல போயிட்டு எறங்குனா நேரமாயிரும்னு அம்மா என்னய ஏறவிடல. உங்கம்மா பூமாரி பேசுனா ரேடியோவே ஆஃப் ஆயிரும், நீ போயிப் பரிச்ச எழுதுன்னு அப்பாவும் சொன்னாரு. அம்மாவும் தோட்டத்துக்குப் போறதுதான், எப்பயும் பின்சீட்டு, ஏறுனவொடனே தூங்கிரும். அம்மாவுக்கு அங்கன மட்டுந்தான் தூக்கம். ராத்திரிக்கு அப்பா மூச்சு நிக்க நிக்கத் தட்டி விடணும்ல? மெஷினு போனதுலருந்து அம்மாதான சார் எங்க வீட்டு மெஷினு.

அன்னைக்கு அம்மா முன்சீட்ல ஏறுச்சு. செக்போஸ்ட்டுக்குக் கீழ வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் போனாகளாம், எனக்குக் காலேஜு எங்க சேக்கலாம்னு. பெறகு பேச்சுச் சத்தம் இல்லன்னு பவுனு அத்த சொல்லுச்சு. ரெண்டு பேருமே அசந்துட்டாக. வண்டி ரொம்ப உருளல சார், ஒரு மரம் தாங்கிருச்சு. பவுனு அத்தைக்குக் கையி ஒடிஞ்சுச்சு, மத்தவுகளுக்குச் சிராய்ப்புதான். அப்பாவுக்கு நெத்தியில தையலு. முன்சீட்டு இருந்த பக்கந்தான் சார் மரம்.

அதுலருந்து அவரு படுக்கிறதில்ல. கட்டில்ல உக்காந்தே இருக்காரு. தன்னயறியாம கண்ணு சொக்கும், மூச்சு நிக்கும், தூக்கிவாரிப்போட்டு முழிப்பாரு. முழிச்சுட்டு, தூங்கிட்டனா ஆத்தா, தூங்கிட்டனான்னு என்னயக் கேப்பாரு. இல்லப்பான்னுவேன். இப்படியே போனா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு எங்கிட்டத் தனியாச் சொல்லிட்டாக. எனக்கு இனி இவரு ஒருத்தருதான் சார்.

அந்தா, கதவுகிட்ட வந்துட்டாரு. வாங்கப்பா, இங்கன உக்காருங்க. இவுக மதுரையிலருந்து வந்திருக்காக. இல்லப்பா, எங்கயும் வண்டி எடுக்க வேண்டியதில்ல. தூங்கலாம். பகல்தான், நான் இங்கனயே இருக்கேன்.

சார், மெஷின ஆன் பண்ணுங்க. என் பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்க வரைக்கும் இவரு மலை ஏறிக்கிட்டேதான் இருப்பாரு. நான் வாய மூடிக்கிறேன்.